உறை கட்டாத திராட்சைக் குலைகள்

"இந்தக் குளிருக்குள்ளை முந்திரிகை பழுக்குமே?" என்று என் மனைவி குணேஸ்வரி கேட்டாள்.

"தெற்குச் சுவரிலை நட்டால் பழுக்கும். பாரும்."

"உங்கடை கைக்கு வெங்காயமே முளைக்காது. பாப்பம், பாப்பம்."

ஜேர்மனியில், ஹாலே நகரத்து எங்கள் வீட்டின் வாசற்கதவும் அந்தத் தெற்குச் சுவரில்தான் இருந்தது. முந்திரிகை என்று அவள் சொன்ன திராட்சையில், பனி தாங்கும் இனமாகப் பார்த்து இரண்டு கன்றுகள் வாங்கினேன். குளிர்காலத்தில் அடிக்கு மண் அணைத்தேன். பெப்ரவரி முடிவில் கொடிகளை இரண்டு கணு விட்டு வெட்டினேன். மே மாதப் பனிக்குத் துணி போர்த்தினேன். நான்காம் வருடம் கதவுக்கு மேலே குலை குலையாகத் தொங்கின.

அந்தக் கோடையில் என் மனைவியைக் குளவி குத்தியது. தொண்டை வீங்கி, ஆஸ்பத்திரியில்தான் மூச்சு வந்தது. இன்னொரு முறை குத்தினால் உடனே போட வேண்டும் என்று இரண்டு ஊசிகள் தந்தார்கள். அவள் மறதிக்காரி. அவற்றை நானே வைத்துக்கொண்டேன். கடைக்கும் கோயிலுக்கும் சேர்ந்தே போனோம். அவை எங்கள் நல்ல வருடங்கள்.

பக்கத்து வீட்டு லூக்காஸ், குலைகளுக்கு உறையாகக் கட்ட வலைப்பைகள் தந்தார். கட்டினால் குளவி அண்டாது. நான் கட்டவில்லை. பழுத்து வெடித்தவற்றைப் பறிக்கவும் இல்லை. அவை தொங்கும்வரை அவள் தனியாக வெளியே போகமாட்டாள்.

இந்தச் செப்டம்பரில், டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் மகள் ஆதிரையிடம் இரண்டு கிழமை நின்றுவிட்டு வருவதாகச் சொன்னாள். அவளுடைய பெட்டியில் தடித்த குளிர்கோட்டு இருந்தது. இரண்டு கிழமைக்கு அது தேவையில்லை.

"ஊசியைத் தாங்கோ."

"உம்மடை கைப்பைக்குள்ளை வச்சிட்டன்."

வைக்கவில்லை.

கதவைத் திறந்து மூன்றடி போகுமுன் குளவி கழுத்தில் குத்தியது. படியில் இருந்தபடி கைப்பையைக் கொட்டித் தேடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

ஊசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். கொல்ல நினைத்தவன் எடுப்பானா? எத்தனையோ வருடமாக வாய்வரை வந்து நின்ற ஒன்றைக் கேட்க நினைத்தேன், அவ்வளவுதான். அவள் இறந்தபின்புதான் அம்புலன்ஸை அழைத்தேன் என்று உங்கள் பொலிஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான். அதுவரை பதிலுக்குக் காத்திருந்தேன். அவளுக்குக் குரல் வராது என்பது எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்தில் அமர்ந்து, ஊசியை அவள் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டேன்:

"என்னை விட்டுப் போகமாட்டன் எண்டு ஒருக்காச் சொல்லும், குணேஸ்."