வகுப்பில் ஊமை

பண்டாரவளையிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வழியே பூனாகலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மகள் முதல் லீவுக்கு வீட்டுக்கு வருகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

“வகுப்புல என்னைய ஊமைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்கம்மா” என்றாள் மகள்.

“ஏன், நீ பேசுறதில்லையா?”

“மொத நாளு ரூம்ல பேசினேன். தோட்டத்துப் பேச்சுன்னு கூட இருக்கிற புள்ளைங்க சிரிச்சாங்க. பொறகு எங்கயும் வாயத் தொறக்கல. வகுப்புல பக்கத்துல இருக்கிற புள்ள, ஏதாவது கேக்கணும்னா கடதாசில எழுதிக் காட்டுது.”

தாய் மகள் பக்கம் திரும்பினார்.

“போன்ல நல்லாத்தானே பேசுன?”

“உங்ககிட்ட மட்டுந்தான் பேசுவேன்.”

“நான் கொழுந்து நிறுக்கிற நேரம்னு சொல்லி ஒடனே வச்சிருவேனே.”

“பரவால்லம்மா. நீங்க வச்ச பொறகும் போன காதுல வச்சிக்கிட்டுப் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன்.”

இறங்கும் இடம் நெருங்கியபோது தாய் மகளின் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“அடுத்த கெழம போகத்தான் வேணுமா?”

“போகணும்மா.”

“போயிட்டு வா. இனிமே நீயா வைக்கிற வரைக்கும் நான் போன வைக்க மாட்டேன்.”