நான்கு மீட்டர்

இந்த அறையில் ஜன்னல் இருப்பது நல்ல விஷயம் ஐயா. நான் வேலை பார்த்த வரைபட அறை தரைக்குக் கீழே. இருபத்தாறு வருஷம் டியூப்லைட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே மழையா என்று குழி வெட்டும் மேஸ்திரியின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு அடியில் தண்ணீர்க் குழாயும் மின் கேபிளும் எங்கே போகின்றன என்பதற்குப் பழைய வரைபடங்கள் உண்டு. நாட்டையே கட்டம் கட்டமாகப் பிரித்து, சங்கிலி பிடித்து அளந்து போட்டவை. தோண்டுகிறவர்கள் கையில் இருப்பதோ செயற்கைக்கோள் வழியாக இடம் சொல்லும் கருவி. பூமி ஒன்றுதான். ஆனால் சங்கிலிக்காரன் கணக்கில் அதன் வடிவம் வேறு, செயற்கைக்கோள் கணக்கில் வேறு. ஒன்றின் எண்ணை அப்படியே இன்னொன்றில் போட்டால் குழி அடுத்த தெருவில் விழும். சரியாக மாற்ற ஏழு எண்கள் வேண்டும். அவற்றை வைத்துக் கணக்குப் போட்டு, இடத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது நான்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. அப்பா கல் உடைத்தார். நான் பதினாறு வயதில் சர்வே ஆட்களோடு எல்லைக்கல் சுமந்தேன். தோள் காய்த்த பிறகுதான் கணக்கு வந்தது. குழிக்குள் நிற்கிறவன் படும் பாட்டை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேஸ்திரி தினமும் காலையில் சீட்டு வாங்க வருவார். என்னைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன கணக்கு, பூமி இன்னிக்கு எந்தப் பக்கம் நகந்திருக்கு?"

"உன் வீட்டுப் பக்கம்தான். போய்ப் பாரு, வாசப்படி இருக்காது."

"வாசப்படி போனா போகட்டும்யா. வீட்டுக்காரியும் சேந்து போயிருந்தா சொல்லு, உனக்கு டீ வாங்கித் தர்றேன்."

இருபது நிமிஷம் உட்காருவார். முழங்கால் வலி, மகளுக்கு வந்த வரன், மருமகனாக வரப்போகிறவனின் மீசை, எல்லாம் பேசுவார். என் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மேஸ்திரி எழுந்து போனால், மறுநாள் காலை வரை நான் வாய் திறக்க வேண்டிய அவசியம் வராது.

போன வருஷம் புது இன்ஜினியரம்மா வந்தார். நல்ல பெண். "சார், இனிமே நீங்க கணக்குப் போட்டுக் கஷ்டப்பட வேண்டாம். அந்த ஏழு நம்பரை மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டுடுங்க, எல்லாக் கருவிக்கும் அதுவே போயிடும்" என்றார். போட்டேன். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மேஸ்திரி நேராக வேலையிடத்துக்குப் போய்விட்டார். நான் ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருந்தேன். நாற்பது நாள் அந்த அறைக்குள் ஒருவரும் வரவில்லை.

நாற்பத்தோராம் நாள் ஏழில் ஒரு எண்ணை மாற்றினேன். கொஞ்சம்தான். இடம் நான்கு மீட்டர் தள்ளிப்போகும், அவ்வளவே. நூறு மீட்டர் என்றால் யாருக்கும் தெரிந்துவிடும். அரை மீட்டர் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். நான்கு மீட்டர் என்றால் தோண்டிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், என்னிடம் வருவார்கள்.

வந்தார்கள். "கணக்கு, உன் மிஷின் பச்சைப் பொய் சொல்லுது. நாலு குழி வெட்டிட்டேன், குழாயைக் காணோம்" என்று மேஸ்திரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கையால் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். குழாய் நான் சொன்ன இடத்திலேயே இருந்தது. அன்று ஒரு மணி நேரம் பேசினோம்.

இன்ஜினியரம்மா சோதிக்க வரும் வாரம் சரியான எண்ணைப் போட்டுவிடுவேன். அவர் பார்த்துவிட்டு, கருவியில் குறை இல்லை, ஆள்தான் அதை நம்பவில்லை என்று மேஸ்திரியைத் திட்டுவார். அவர் போனதும் மறுபடி மாற்றுவேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? வெட்டிய குழியை மூடிவிடலாம்.

ஒருநாள் மேஸ்திரி போனில் கேட்டார். "படி இறங்க முடியலைய்யா, முழங்கால் கழண்டுடும் போலிருக்கு. நம்பரை வாயாலயே சொல்லேன்." சொன்னேன். நாற்பது வினாடியில் பேச்சு முடிந்தது. இதைப் பழக்கமாக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தண்ணீர்க் குழாய் உடைந்து வீடுகளுக்குள் வெள்ளம். கேபிள் பக்கத்திலேயே ஓடுகிற இடம். காலை ஒன்பது பத்துக்குப் போன் அடித்தது. அவர்தான். திரையில் தெரிந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாம் முறை நீளமாக அடித்தது. எடுக்காவிட்டால் நேரில் வருவார் என்று நினைத்தேன். காகிதத்தை எடுத்துவைத்து, பென்சில் சீவி, சரியான கணக்கைப் போட்டே வைத்திருந்தேன். எடுத்துச் சொல்லியிருந்தால் நாற்பது வினாடிதான். அதுதான் பிரச்சினை.

வீட்டுக்காரர்கள் கத்த, அவரால் காத்திருக்க முடியவில்லை. கேபிள் நான்கு மீட்டர் தள்ளி இருக்கிறது என்றது கருவி. ஈரக் குழிக்குள் இறங்கிக் கடப்பாரையைப் போட்டார்கள். பதினோராயிரம் வோல்ட். மேஸ்திரியோடு சேர்த்து மூன்று பேர்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று பேப்பரில் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். அவர் வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வராதது அவர் தப்பு என்று நான் சொல்லவில்லை. வருத்தமாக இருக்கிறது என்று சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது புரிகிறது. இந்தப் பதினான்கு மாதத்தில் பதினோரு கோஷ்டிகள் புதிதாகப் போட்ட கேபிளும் குழாயும் அதே கருவியால்தான் வரைபடத்தில் ஏறியிருக்கின்றன. எது உண்மையான இடம், எது நான்கு மீட்டர் தள்ளி என்பது, நான் எண்ணை மாற்றிய தேதிகளைப் பொறுத்தது. கம்ப்யூட்டர் பழைய எண்ணை வைத்துக்கொள்வதில்லை. ஐந்து முறை தப்பாக மாற்றினேன், ஐந்து முறை திருத்தினேன். எழுதி வைக்கவில்லை. எல்லாம் மனதில்தான்.

யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை நான். அதனால் இன்றைக்கு ஒரு தேதி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மற்றவை ஒரே நாளில் ஞாபகம் வராது. வயதாகிவிட்டது. ஒன்றிரண்டை நாளைக்குச் சொல்கிறேன், சாவகாசமாக வாருங்கள். ஊர் பூராவும் ஆட்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறீர்கள். தெரியும் ஐயா. அதனால்தான் நீங்கள் கட்டாயம் வருவீர்கள்.