ஆமைக்கு வாங்கிய மோட்டார்கள்

காலையில் எழுந்ததும் மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவேன். தொட்டி நிரம்பும்வரை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்று பல் விளக்குவேன். தண்ணீர் வழியும் சத்தம் கேட்பதற்கு முன்பே அணைத்துவிடுவேன். பிறகு தேநீர். அத்தைக்குச் சர்க்கரை போடாமல், எனக்குப் போட்டு. அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. அவள் போன பிறகு என்னோடுதான் இருக்கிறார். தனியாக விட்டால் நான் ஏதாவது செய்துகொள்வேன் என்று அவருக்குப் பயம். என் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கி வைக்கிறார். நான் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இன்று காலையும் இதையெல்லாம் செய்துவிட்டுத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். தூக்கம் கெட்டு நிதானம் தப்பியவன் பேசுகிறான் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். நீங்களே விசாரித்து, விபத்து என்று முடித்துவைத்த விஷயம்தான் இது. உங்கள் மேல் குற்றமில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினீர்கள்.

மோட்டாரிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் உங்களுக்கு வரிசையாகப் புரியும்.

நான் ஓர் இயந்திரக் கம்பெனியில் வேலையில் இருந்தேன். அதை விட்டுவிட்டு வீட்டின் பின் அறையில் தண்ணீருக்கடியில் போகும் ரோபோ ஒன்றைச் செய்ய ஆரம்பித்தேன். அணைச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஆளை இறக்குவதற்குப் பதில் இதை இறக்கலாம். ஒரு கேமரா, ஒரு விளக்கு, நான்கு மோட்டார். கரையில் பாட்டரிகள். அங்கிருந்து ஒரு நீளமான கேபிள். மின்சாரமும் கட்டளையும் அந்த ஒரே கேபிளில்தான் போகும். கரையில் இருக்கும் பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் நின்றுவிடும்.

அதற்கு ஆமை என்று பெயர் வைத்தவள் என் மனைவி.

"இவ்வளவு வேகமாப் போகப்போகுது, ஆமைன்னு வெக்கிறியே" என்றேன்.

"அதோட வேகத்துக்கு வெக்கலடா. நீ வேலை செய்யற வேகத்துக்கு வெச்சேன்."

கல்லூரியில் ஒரே வகுப்பு நாங்கள். அதனால் 'டா' போகவில்லை. "கட்டின புருஷனை டா போடாதடி, யாராவது கேட்டா என்னைத்தான் சொல்லுவாங்க" என்று அத்தை திட்டுவார். அன்று முழுக்க "ஏங்க, வாங்க, போங்க" என்று கூப்பிட்டே என்னைச் சிரிக்க வைப்பாள். பொறியியல் படித்துவிட்டு நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருந்தாள். கணக்குப் பார்ப்பதை விடத் தண்ணீருக்குள் இருப்பது பிடித்திருந்தது அவளுக்கு. தண்ணீர் விஷயத்தில் அவள் கண்டிப்பானவள். இதை நான் உங்களிடம் முன்பு சொல்லவில்லை.

மோட்டார் வாங்கச் சேர்ந்துதான் போனோம். இரண்டு வழி இருந்தது. ஒன்று, படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் சின்னப் பம்பு மோட்டார். தண்ணீருக்கென்றே மூடிச் செய்தது. இழுவை குறைவு, தொந்தரவும் குறைவு. இன்னொன்று, ட்ரோன் மாதிரிப் பெரிய பறக்கும் கருவிகளுக்கான மோட்டார். நல்ல வேகம். ஆனால் கம்பிச் சுருளுக்கெல்லாம் பிசின் பூசித் தண்ணீருக்குத் தயார் செய்ய வேண்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் தனியாக வேண்டும். அந்தக் கன்ட்ரோலர்கள் நனையாமலிருக்கத் தடித்த அலுமினியக் குழாய் வேண்டும். மொத்தத்தில் கனம் ஏறும்.

கடைக்காரர் என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மேலே போறதுக்குச் செஞ்ச மோட்டார். நீங்க கீழே அனுப்பறேங்கறீங்க" என்றார்.

"அவருக்கு எப்பவும் எல்லாம் தலைகீழாத்தாண்ணே" என்றாள் அவள். பிறகு பம்பு மோட்டாரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இது போதும்டா. அணை என்ன எழுந்து ஓடவா போகுது? மெதுவாப் போய்ப் பார்த்தா என்ன?"

மீன் தொட்டிக்கு வேண்டுமானால் அது சரிவரும் என்றேன். கடைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் பெரிய மோட்டார்களை வாங்கினேன்.

ஆமை மிகவும் கனத்துவிட்டது. மோட்டார்கள் நின்றாலும் தானாக மெல்ல மேலே மிதந்து வர வேண்டும், அதுதான் ஒழுங்கான அமைப்பு. என்னுடையது கல் மாதிரி இறங்கியது. குளத்தில் குழந்தைகள் பிடித்துக்கொண்டு நீந்தும் நுரைப் பலகைகள் இருக்கும் அல்லவா, அவற்றில் கிழிந்து ஒதுக்கியவற்றை அவள் கொண்டுவந்தாள். "இதைச் சுத்திக் கட்டு. மிதக்கும்." கட்டிப் பார்த்தேன். மிதந்தது. நீலமும் மஞ்சளுமாக, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பை மாதிரி இருந்தது. அதைப் போய் அணைகளைப் பார்க்கும் பொறியாளர்களிடம் காட்ட முடியுமா என்று தோன்றியது. அவள் குளத்துக்குப் போன பிறகு அவிழ்த்துவிட்டேன். அதற்குப் பதிலாக, மேல்நோக்கித் தள்ளும் மோட்டாரை எப்போதும் ஓடவிட்டேன். அது ஓடும்வரை ஆமை மூழ்காமல் நிற்கும், ஓட்டம் நின்றால் மூழ்கும்.

அடுத்த சிக்கல் கேபிளில் வந்தது. பெரிய மோட்டார்கள் மின்சாரத்தை அதிகம் இழுக்கும்போது பக்கத்துக் கம்பியில் போகும் கட்டளை கலங்கிவிடும். சற்று நேரத்துக்கு ஆமைக்கு நான் சொல்வது கேட்காது. அந்த நேரத்தில் அது என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லி வைக்கலாம். எல்லா மோட்டாரையும் நிறுத்து என்று சொல்லலாம். அல்லது, கடைசியாகக் கேட்டதையே செய்துகொண்டிரு என்று சொல்லலாம். இப்படிப்பட்ட இயந்திரத்தில் முதலாவதைத்தான் வைக்க வேண்டும். படித்தவன், எனக்குத் தெரியும். ஆனால் நிறுத்தினால் என்னுடையது அடியில் போய் விழுகிறது. அதனால் இரண்டாவதை வைத்தேன்.

அதை அவளிடம் சொல்லவில்லை. "இப்பல்லாம் விழறதே இல்லையே" என்று கேட்டாள். சரி பண்ணிவிட்டேன் என்றேன். என் தலையைக் கலைத்துவிட்டு, அங்கேயே அத்தைக்குப் போன் போட்டாள். "அம்மா, உன் மாப்பிள்ளை சாதிச்சுட்டார்." மறுமுனையில் அத்தை சந்தோஷப்பட்டது எனக்கும் கேட்டது. அதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கைவிடப்பட்ட கல்குவாரியில் தேங்கிய தண்ணீரில்தான் ஓட்டிப் பார்ப்போம். அங்கே அவள் வைத்தது ஒரே ஒரு விதி. "நான் தண்ணியில இருந்தா பிளக் வெளியே." ஆமையைக் கரைக்குக் கொண்டுவந்து, பிளக்கைப் பிடுங்கி அவளிடம் காட்டிய பிறகுதான் இறங்குவாள்.

அது நடந்த நாளுக்கு மறுநாள் நீர்வாரியப் பொறியாளர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. கடைசி ஒத்திகைக்குக் காலையில் போனோம். நாங்கள் இருவர்தான். ஆமை உள்ளே போய் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, பாறைச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த பழைய இரும்புக் கம்பியில் கேபிள் மாட்டிக்கொண்டது. யாராவது போய் எடுத்துவிட வேண்டும். எனக்கு நீச்சல் சுமார். அவளுக்கு அது ஒரு வேலையே இல்லை.

பிளக்கைப் பிடுங்கினால் ஆமை அடிக்குப் போகும், கம்பி முனையில் கேபிள் அறுந்துவிடும், பிறகு அதை எடுக்கவே முடியாது. மறுநாள் காட்ட ஒன்றுமிருக்காது. எனவே, "பிளக் இருக்கட்டும். நான் அது மேலயே கை வெச்சிருக்கேன். நீ சொன்ன உடனே பிடுங்கறேன்" என்றேன்.

"உடனேன்னா உடனே" என்றாள். தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

கேபிளைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள். விடுபட்டது கரையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவள் விலகும்வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் சுவரில் மோதி கேமரா உடையுமோ என்று பதறி, விலகிக் கீழே போ என்று முழு வேகம் கொடுத்தேன். முழு வேகம் கொடுத்தால் மின்சாரம் அதிகம் இழுக்கும், கட்டளை கலங்கும். கலங்கியது. ஆமை கடைசியாகக் கேட்டதைச் செய்தது. தளர்ந்திருந்த கேபிள் அவள் முன்னங்கையில் சுற்றி இறுகியது.

அவள் மேலே வரவேயில்லை என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். வந்தாள். ஒரு கையால் பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகம் முழுக்க வெளியே தெரிய வந்தாள். நீங்களும் நானும் இப்போது உட்கார்ந்திருக்கும் தூரத்தை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். காற்றுச் சத்தம்கூட இல்லை. குவாரியில் பேசினால் எதிரொலியே கேட்கும். என்னிடம் பேசினாள். எனக்குக் கேட்டது.

என் கை பிளக்கின் மேல்தான் இருந்தது.

கட்டளை எப்போதும் திரும்பி வந்துவிடும். இமைக்கிற நேரத்தில் வந்துவிடும். பிடுங்கினால் ஆமை போய்விடும், பிடுங்காவிட்டால் இதோ வந்துவிடும், அவளும் திட்டிக்கொண்டே கரையேறுவாள் என்று நினைத்தேன். எல்லோரையும் விட நன்றாக நீந்துகிறவள் என்று நினைத்தேன். மோட்டார் நின்றிருந்தால் ஆமையின் வெறும் கனத்தை அவள் தாங்கியிருப்பாள். மோட்டாரின் இழுவையைத்தான் தாங்க முடியவில்லை. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். பாறையிலிருந்து கை வழுக்கியது. இமைக்கிற நேரம்தான் என்று இன்னொரு முறை நினைத்தேன். இன்னொரு கையால் ஆமையை ஓட்டும் கட்டுப்பாட்டுக் குச்சியை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தேன்.

கட்டளை திரும்பி வந்தது. நான் சொன்னபடி ஆமை மேலே ஏறியது. திரையில் படம் தெளிவாக இருந்தது. கேமரா முன்பக்கம் பார்க்கும், அவள் அதற்குப் பின்னால் இருந்தாள். ஆமை தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படித்தான் இருந்தது, மாற்றிச் சொல்ல மாட்டேன். அதன் பிறகுதான் குதித்தேன்.

கரையில் போட்டு மார்பை அழுத்தினேன். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினேன். இடையில் ஒரு முறை கையை எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கிக் கேபிளின் மேல் வைத்தேன். கட்டளை கேட்காதபோது என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைக் கணினியில் 'நிறுத்து' என்று மாற்றினேன். பிறகு திரும்பப் போய் அழுத்தினேன். ஆம்புலன்ஸ்காரர்கள் என்னைத் தூக்கித்தான் விலக்க வேண்டியிருந்தது என்று உங்கள் ஆள் ஒருவர் அனுதாபமாகச் சொன்னார். அதுவும் உண்மைதான்.

பிளக் வெளியே இருந்தது, அவள் தானாகக் கேபிளில் சிக்கிக்கொண்டாள், அதை அறுக்க இடுப்பில் கத்தி வைத்திருக்கவில்லை, அலட்சியம் என்று முடிந்தது. நீச்சல் குளத்தில் அவளுடைய படத்தை மாட்டினார்கள். அனுபவசாலிகளும் கவனக்குறைவால் உயிரிழப்பார்கள், எச்சரிக்கை என்று கீழே எழுதியிருக்கிறது. அவள் சொல்லிக்கொடுத்த குழந்தைகள் அதைப் படித்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது என்பார்களே, அந்தக் குழியை நான் நன்றாகவே பறித்திருக்கிறேன்.

அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குளத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் வாதாடினார். "என் பொண்ணு வாய்ல அலட்சியமா இருப்பா, ஒத்துக்கறேன். தண்ணியில இருக்க மாட்டா." என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை, அவ அப்படிப்பட்டவளா?" என்பார். ஆனைக்கும் அடி சறுக்கும் அத்தை என்று சொன்னேன். ஒரு முறை இல்லை, கேட்ட போதெல்லாம் சொன்னேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன் என்று என்னை நானே நம்ப வைத்திருந்தேன்.

நேற்று என் சட்டையை மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "நீங்களே சொல்றீங்கன்னா சரியாத்தான் இருக்கும். அவ சின்ன வயசுலேர்ந்தே அவசரக்காரிதான். நான்தான் கண்டிக்காம விட்டுட்டேன்."

நம்பிவிட்டார். மகள் மேலும் தன் மேலும் பழியைப் போட்டுக்கொண்டு, எனக்குச் சட்டை மடிக்கிறார். வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். அந்தப் படத்தின் கீழே இருப்பதை எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று அத்தை முதல் நாளே கேட்டார். தண்ணீரில் இறங்கும்போது, "நாளைக்கு எல்லாம் நல்லா நடக்கும்" என்று சிரித்தாள் என்றேன். வருகிறவர்களிடமெல்லாம் அவர் அதைச் சொல்லி அழுகிறார். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு, கத்தாமல், ஏதோ எனக்குச் சமாதானம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"பிடுங்குடா. ஆமை போனாப் போகட்டும், வேற செஞ்சுக்கலாம்."