அஞ்சு நிமிஷம்

தங்கை: ...அதான் சொல்றேன்ல. பாசிடிவ். எத்தனை தடவை கேட்டாலும் அதேதான்.

அண்ணன்: இன்னொரு தடவை சொல்லு.

தங்கை: அண்ணா...

அண்ணன்: இல்ல, சொல்லு பாப்பா. காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல.

தங்கை: எனக்குக் கோவிட் வந்திருக்கு. நாளைக்கு ஆபரேஷனுக்கு என்னால வர முடியாது. போதுமா?

அண்ணன்: மூணு ஊசியும் போட்டவ நீ. மூணாவதுக்குக் கை வீங்கிடுச்சு, கத்தரிக்கோல் பிடிக்க முடியலன்னு கடைக்குத் துணி தெக்க வந்தவங்ககிட்ட எல்லாம் புலம்பின.

தங்கை: ஊசி போட்டா வரவே வராதுன்னு யாரு சொன்னா? வந்தாலும் ஆளைச் சாய்க்காதுன்னுதான் சொன்னாங்க.

அண்ணன்: உன்னைச் சாய்க்காது. சரி. எனக்கு?

தங்கை: அண்ணா...

அண்ணன்: தப்பா கேட்டுட்டேன். விடு.

தங்கை: தப்பில்ல. உன் கிட்னி விஷயம்தானே.

அண்ணன்: உன் கிட்னி பாப்பா. நாளைக்குக் காலையிலதான் அது என்னுது.

தங்கை: கோவமா இருக்கியா?

அண்ணன்: காய்ச்சல் இருக்கா?

தங்கை: லேசா.

அண்ணன்: லேசான்னா? தெர்மாமீட்டர் வெச்சியா, கழுத்துல கை வெச்சுப் பாத்தியா?

தங்கை: கழுத்துல.

அண்ணன்: இருமல்?

தங்கை: அதுவும் லேசா.

அண்ணன்: இதுவரைக்கும் ஒரு தடவை கூட இருமலையே நீ. நான்தான் இருமிட்டு இருக்கேன்.

தங்கை: ஆமா, உனக்கு ஏன் இருமல்?

அண்ணன்: தண்ணி அளந்துதான் குடுக்கறாங்க. தொண்டை காஞ்சு போகுது. பேச்சை மாத்தாத. எங்க டெஸ்ட் எடுத்த?

தங்கை: மருந்துக்கடையில கிட் வாங்கினேன். ரெண்டு கோடு.

அண்ணன்: கோடு அழுத்தமா இருந்துச்சா, மங்கலா?

தங்கை: இப்ப என்ன, போட்டோ எடுத்து அனுப்பணுமா? போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீ.

அண்ணன்: யாரைப் பாத்த? அதைச் சொல்லு. ஆபரேஷன் வரைக்கும் யார் மூஞ்சியிலயும் முழிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்கல்ல. கடையைக் கூட சாத்திட்ட. அப்புறம் எங்கேருந்து வந்துச்சு?

தங்கை: காத்துல வர்றதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

அண்ணன்: வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?

தங்கை: பார்சல் குடுக்கிறவன் வந்தான். அவன் தும்மினான்னு நினைக்கிறேன்.

அண்ணன்: அவன் உள்ள வந்தானா?

தங்கை: வாசல்ல.

அண்ணன்: வேற யாரும் உள்ள வரலயா?

தங்கை: வரல.

அண்ணன்: நல்லா யோசிச்சுச் சொல்லு.

தங்கை: வரலன்னா வரல. விடேன் அண்ணா.

அண்ணன்: வியாழக்கிழமை சாயங்காலம் ஒருத்தன் வந்தான். உன் தையல் மெஷினுக்குப் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தான். டீ குடிச்சான். ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போனான்.

தங்கை: அவன் கணக்குல வர மாட்டான்.

அண்ணன்: ஏன் வர மாட்டான்?

தங்கை: அவன் எங்க அண்ணன்.

அண்ணன்: ...

தங்கை: அண்ணா? லைன்ல இருக்கியா?

அண்ணன்: இருக்கேன். அது என்ன சத்தம், கிறீச்சுன்னு?

தங்கை: எதிர் வீட்டு இரும்பு கேட். ஒரு சொட்டு எண்ணெய் விட மனசு வராது அவங்களுக்கு.

அண்ணன்: ம்... உனக்கு வாசனை தெரியுதா? டேஸ்ட்?

தங்கை: ஒண்ணும் தெரியல. காபி வெந்நி மாதிரி இருக்கு.

அண்ணன்: அடப்பாவமே.

தங்கை: அண்ணி பக்கத்துல இல்லையா?

அண்ணன்: இல்ல. உள்ள விடல.

தங்கை: ஏன் விடல?

அண்ணன்: ஆபரேஷன் கேஸ்னா அப்படித்தான். சாப்பிட்டியா?

தங்கை: பன்னு ஒண்ணு. இரு, கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறேன். யாரோ பாலைத் தீய விட்டுட்டாங்க, குமட்டுது.

அண்ணன்: ...

தங்கை: என்ன, சத்தத்தையே காணோம்?

அண்ணன்: ஒண்ணுமில்ல. தள்ளி உக்காந்துட்டியா?

தங்கை: ம்.

அண்ணன்: நல்லா மூச்சை இழுத்து விடு. அவசரமே இல்ல. தண்ணி பக்கத்துல இருக்கா?

தங்கை: அந்தக் குரல்ல பேசாத.

அண்ணன்: எந்தக் குரல்?

தங்கை: லிப்ட் ரிப்பேருக்குப் போற இடத்துல, உள்ள மாட்டினவங்ககிட்ட பேசுவியே, அந்தக் குரல். பயப்படாதீங்க, கதவைத் தொடாதீங்க, அஞ்சு நிமிஷம், நான் வெளியதான் நிக்கிறேன்னு. ஒரு தடவை உங்கூட வந்து பாத்தேனே. அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு சொல்லியே பொழுதைச் சாய வெச்ச.

அண்ணன்: நிஜமான நேரத்தைச் சொன்னா உள்ள இருக்கிறவங்க கதவைப் பிடிச்சு இழுப்பாங்க. கை போயிடும். எவ்ளோ நேரமானாலும் அஞ்சு நிமிஷம்னுதான் சொல்லணும். எங்க தொழில்ல எல்லாருமே அப்படித்தான்.

தங்கை: நான் ஒண்ணும் மாட்டிக்கல.

அண்ணன்: சரி.

தங்கை: சரின்னு சொல்லாத.

அண்ணன்: வேற என்ன சொல்லணும்?

தங்கை: திட்டு. நாளைக்கு உனக்கு ஆபரேஷன் இல்ல, என்னாலதான். மறுபடியும் அந்த மெஷின்ல படுத்து ரத்தத்தைச் சுத்த விடணும். திட்டேன்.

அண்ணன்: வாசனை தெரியாதுன்ன. பால் தீயறது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

நர்ஸ்: சார், விரலைக் குடுங்க.

அண்ணன்: போன்ல இருக்கேன் சிஸ்டர்.

நர்ஸ்: பேசிட்டே குடுங்க... மறுபடியும் இறங்குது சார். டாக்டர்கிட்ட சொல்லிட்டு வரேன். குப்புறப் படுக்கச் சொன்னேன்ல?

அண்ணன்: படுக்கறேன் சிஸ்டர். தோ.

தங்கை: என்ன இறங்குது?

அண்ணன்: பிரஷர்.

தங்கை: உனக்கு எப்பவும் ஏறத்தானே செய்யும்?

அண்ணன்: இன்னைக்கு இறங்குது. நல்லதுதானே.

தங்கை: அந்த சிஸ்டர் ஏன் பானைக்குள்ள தலையை விட்டுப் பேசற மாதிரி பேசறாங்க?

அண்ணன்: ரெண்டு மாஸ்க் போட்டிருக்காங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

தங்கை: என்ன கேட்ட?

அண்ணன்: பால்.

தங்கை: ...எனக்கு ஒண்ணும் இல்லண்ணா.

அண்ணன்: ம்.

தங்கை: கிட்டும் இல்ல, கோடும் இல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பயம். அவ்ளோதான். பயந்து செத்துட்டு இருக்கேன்.

அண்ணன்: உனக்குக் கோவிட் இல்ல.

தங்கை: இல்ல.

அண்ணன்: நிஜமா இல்ல?

தங்கை: இல்லன்னு சொல்றேனே. இன்னும் எத்தனை தடவை அசிங்கப்படணும் நான்?

அண்ணன்: அப்பாடா.

தங்கை: அப்பாடாவா? நான் உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன். உனக்கு மூளை கீளை குழம்பிடுச்சா?

அண்ணன்: நாளெல்லாம் துணியை வெட்டுற, தைக்கற. உன்னை ஒருத்தன் வெட்டித் தெக்கறான்னா பயமா?

தங்கை: சிரிக்காத. துணி மயக்கத்துலேருந்து முழிக்காமப் போகாது.

அண்ணன்: டாக்டரம்மா உன்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டிருப்பாங்களே.

தங்கை: கேட்டாங்க. கதவைச் சாத்திட்டுத்தான் கேட்டாங்க. இஷ்டமில்லன்னா சொல்லும்மா, உடம்பு ஒத்து வரலன்னு நாங்களே சொல்லிக்கிறோம், வீட்டுல யாருக்கும் தெரியாதுன்னாங்க.

அண்ணன்: அப்பவே சொல்லியிருக்கலாமே.

தங்கை: சொன்னா மொத்தமா இல்லன்னு ஆயிடும்ல. எனக்கு இல்லன்னு சொல்லத் தோணல. நாளைக்கு வேண்டாம்னுதான் தோணுச்சு. கோவிட்னா தள்ளித்தானே வைப்பாங்க.

அண்ணன்: அதுவரைக்கும் நான் தாங்கணும். அதை நினைச்சியா?

தங்கை: நினைச்சேன். அதனாலதானே போகவும் முடியாம இங்கயே உக்காந்திருக்கேன்.

அண்ணன்: இங்கயேன்னா எங்க?

தங்கை: ...வீட்டுல.

அண்ணன்: ம்.

தங்கை: ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.

அண்ணன்: சொல்லு.

தங்கை: அன்னைக்கு எல்லாரும் சாப்பிட்டுட்டு இருந்தோம். வீட்டாளுங்க யாராவது கிட்னி குடுக்கணுமாம்னு அண்ணி சொன்னாங்க. அம்மா தட்டுலேருந்து தலையைக் கூடத் தூக்கல. அதான் பாப்பா இருக்காளேன்னாங்க. கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வர நான் இருக்கேன்ங்கற மாதிரி. எல்லாரும் என்னைப் பாத்தீங்க. நான் தலையை ஆட்டினேன். நீங்க சோத்தைப் பிசைய ஆரம்பிச்சிட்டீங்க.

அண்ணன்: நானும்தான்.

தங்கை: நீயும்தான். நீ ஒரு தடவை கேட்டிருக்கலாம்ண்ணா. சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்.

அண்ணன்: அதைக் கேக்கத்தான் வியாழக்கிழமை வந்தேன்.

தங்கை: கேக்கலயே.

அண்ணன்: நீ பட்டன் தெச்சிட்டு இருந்த. வாயில ஊசி. ஊசியை எடுக்கட்டும், கேக்கலாம்னு உக்காந்திருந்தேன். நீ எடுக்கவே இல்ல.

தங்கை: நீ கேட்டுடுவியோன்னுதான் எடுக்கல.

அண்ணன்: ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.

தங்கை: ஆமா, ரொம்ப லட்சணம்... அண்ணா, நான் வரேன். சாயங்காலம் வந்து அட்மிட் ஆகச் சொன்னாங்க, நான் இப்பவே வரேன். சொல்லித் தொலைச்சதுல கொஞ்சம் மூச்சு விட முடியுது. பையெல்லாம் எடுத்து வெச்சாச்சு.

அண்ணன்: வராத.

தங்கை: கோவத்துல சொல்றியா?

அண்ணன்: கோவமே இல்ல. வீட்டுக்குப் போ பாப்பா.

தங்கை: வீட்டுலதானே இருக்கேன்.

அண்ணன்: இல்ல. நீ கீழ இருக்க. கேன்டீன் பக்கத்துல.

தங்கை: யாரு சொன்னா?

அண்ணன்: எதிர் வீட்டு கேட் எங்கயாவது கத்தறதுக்கு முன்னாடி மணியடிக்குமா? அது இந்த ஆஸ்பத்திரி லிப்ட் கதவு. ரோலர் தேஞ்சு போயிருக்கு. அட்மிட் ஆக வந்தப்பவே சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கல.

தங்கை: காலையிலேருந்து உக்காந்திருக்கேன்ண்ணா. பையோட. லிப்ட் வரும், கதவு திறக்கும், எந்திரிப்பேன். கால் நகராது. மூடிக்கும். மறுபடியும் உக்காந்துடுவேன்.

அண்ணன்: தெரியும்.

தங்கை: இந்தத் தடவை ஏறிடறேன். எந்த மாடி, நாலாவதா?

அண்ணன்: ஏறாத. நாலாவதுல நான் இல்ல.

தங்கை: வேற எங்க?

அண்ணன்: என்னை நேத்தே மாத்திட்டாங்க.

தங்கை: எங்க மாத்தினாங்க? ஏன்? அண்ணா... இருமாத, இருமாத, மெதுவாப் பேசு. ஏன் மாத்தினாங்க?

அண்ணன்: பாசிடிவ் எனக்கு பாப்பா.

தங்கை: விளையாடாத.

அண்ணன்: நேத்து ரிசல்ட் வந்துச்சு. நாளைக்கு ஆபரேஷன் இல்லன்னு நேத்தே ஆயிடுச்சு. உன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்னு டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கிட்டேன். போனைக் கையில எடுத்தேன். நீ கூப்பிட்டுட்ட.

தங்கை: நீயும் மூணு ஊசி போட்டவன்தானே.

அண்ணன்: அந்தத் தெம்புலதான் போனேன். வியாழக்கிழமை மத்தியானம் எங்க பில்டிங் லிப்ட்ல ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. வேற ஆள் வர நேரமாகும்னாங்க. மூணு ஊசி போட்டாச்சு, என்ன வந்துடப் போகுதுன்னு இறங்கிட்டேன். அவங்களைத் தூக்கி வெளிய எடுத்தேன். மூச்சு முட்டுது அவங்களுக்கு, இருமறாங்க. என் மாஸ்க்கும் எங்கயோ விழுந்துடுச்சு.

தங்கை: உனக்கு ஊசி மத்தவங்களுக்கு மாதிரி வேலை செய்யாதுன்னு சொன்னாங்களேண்ணா. கிட்னி போன உடம்பு, நீ இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்னு உன்னை உக்கார வெச்சுச் சொன்னாங்களே.

அண்ணன்: சொன்னாங்க. அந்த ஊசியும் இல்லன்னா இப்ப உங்கிட்ட பேச நான் இருந்திருக்க மாட்டேன்னும் சொன்னாங்க.

தங்கை: வாயை மூடு.

அண்ணன்: அன்னைக்கு அங்கேருந்து நேரா உன் வீட்டுக்குத்தான் வந்தேன். அதான்... நீ பாசிடிவ்னு சொன்னதும் எனக்கு உயிரே இல்ல. கிட்னி கேக்க வந்தவன் வியாதியைக் குடுத்துட்டுப் போயிட்டேனேன்னு.

தங்கை: அதுக்குத்தான் அவ்ளோ கேள்வியா? யார் வந்தா, எவன் தும்மினான்னு?

அண்ணன்: வேற எவனாவது இருக்க மாட்டானான்னு பாத்தேன். நீ என் பேரை மட்டும் விட்டுட்டுச் சொன்ன.

தங்கை: எனக்கு ஒண்ணும் இல்ல. காலையில இங்க வந்ததும் டெஸ்ட் எடுத்தாங்க, நெகடிவ். நீ குடுக்கல. கேக்குதா? நீ எனக்கு ஒண்ணும் குடுக்கல.

அண்ணன்: கேக்குது. இன்னும் ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை பாத்துடு.

நர்ஸ்: சார், போனை வைங்க. ஐசியூல பெட் ரெடி, கிளம்பணும். அங்க போன் குடுக்க மாட்டாங்க.

அண்ணன்: ஒரே ஒரு நிமிஷம் சிஸ்டர்... பாப்பா, இப்பக் கேக்கறேன். நான் திரும்பி வந்தா... உனக்கு இஷ்டமா? இல்லன்னாலும் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

தங்கை: இஷ்டம்தான். பயமும் இருக்கு. ரெண்டும் இருக்கு.

அண்ணன்: எனக்கும்தான். ரொம்ப பயமா இருக்கு பாப்பா.

தங்கை: தெரியும்.

நர்ஸ்: சார், லிப்டைப் பிடிச்சு வெச்சிருக்காங்க.

அண்ணன்: தோ வரேன்... பாப்பா, எவ்ளோ நேரம் ஆகும்?

தங்கை: அஞ்சு நிமிஷம்தான் அண்ணா. கதவைத் தொடாத. நான் வெளியதான் நிக்கிறேன்.