ஈரம் பட்டால் கூவும்

"தண்ணி வேணும்னா எல்லாரும் இப்பவே குடிச்சிருங்க. நடுவுல யாரும் எழுந்து போகக் கூடாது. போனா தனியாத்தான் போகணும், நான் துணைக்கு வரமாட்டேன், சொல்லிட்டேன்."

சரி... நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நீர் அளக்கிற வேலை அவருக்கு. ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது, அணையில் எவ்வளவு கிடக்கிறது, பூமிக்கடியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து மேலே சொல்ல வேண்டும். தெருவில் எல்லோருக்கும் அவர் அளவுக்காரர்.

இரவு பதினொரு மணி. அணையிலிருந்து மேட்டுக் காட்டுக்குப் போகிற மண் சாலை. வீடு இல்லை, விளக்கு இல்லை, குரைக்க ஒரு நாய்கூட இல்லை... அளவுக்காரர் பைக்கில் தனியாக வருகிறார். ராத்திரியில் எதற்கு என்கிறீர்களா? பகலெல்லாம் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் நிலத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அவை ஓய்ந்து, அடியில் இருக்கிற தண்ணீர் தன் நிலைக்கு வந்த பிறகு அளந்தால்தான் அது அளவு. இல்லாவிட்டால் வெறும் கணக்குக்குச் செய்த வேலை.

அந்தக் கோடையில் மனிதர் ஓய்ந்துபோயிருந்தார். பாலத்துத் தூணில் எண் எழுதிய அளவுப் பலகை இருக்கும். அதன் கடைசி எண்ணுக்கும் கீழே மணல்தான் கிடந்தது. அணைக்குள் எப்போதோ மூழ்கிப்போன பழைய சாலை வெளியே வந்து, அதன் மைல்கல்மேல் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. நேற்றைவிடக் குறைவு, நேற்றைவிடக் குறைவு... இதையே எழுதி எழுதி அவருக்குக் கை சலித்துவிட்டது. வாய்விட்டுச் சொல்வதற்குக்கூட ஆள் இல்லை. வீட்டுக் குழாயில் வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் என்று ஆனதும் மனைவியும் ஐந்து வயது மகளும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மகளை அவர் குட்டி என்றுதான் கூப்பிடுவார். குட்டி இல்லாத வீட்டில் அவருக்குத் தூக்கமும் வரவில்லை, சோறும் இறங்கவில்லை.

மனைவி தினமும் போன் செய்வாள்.

"ஏறிச்சா?"

"எங்க ஏற? இறங்கிட்டுத்தான் இருக்கு."

"நீங்கதான அளக்கறீங்க? கொஞ்சம் கூட்டிப் போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

இருவரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போனை வைப்பார்கள்.

மேட்டுக் காட்டின் நடுவில் ஒரு இரும்புக் குழாய் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நிலத்தடி நீரைப் பார்ப்பதற்கென்றே போட்டது. கையை விட்டால் தோள்வரை போகும் அகலம். மூடியும் பூட்டும் உண்டு, சாவி அவரிடம் மட்டும். அதற்குள் நாடாவை இறக்கி அளப்பார். நாடாவின் நுனியில் விரல் நீளத்துக்குப் பித்தளை. அதில் ஈரம் பட்டால் மேலே சுருளில் இருக்கிற கருவி கூவும். ஈரத்தில் கிடக்கிற வரை விடாமல் கூவும். இறக்குவதற்கு முன்னால் விரலை நாக்கில் தொட்டு, நுனியை இரண்டு தரம் தட்டிப் பார்ப்பார்கள். கீக்... கீக். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் குட்டிக்கு இது விளையாட்டு. நாக்கை நீட்டுவாள். அவர் நுனியால் தொடுவார். கீக் என்றதும் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அன்றைக்கு நாடா போய்க்கொண்டே இருந்தது... அடியில் தொட்டுத் துவண்டது. சத்தமே இல்லை. மேலே இழுத்தார். நுனியில் செம்மண் புழுதி. குழாய் அடைத்துக்கொண்டதோ என்று சந்தேகம் வந்தால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது வழக்கம். அவரும் குடிக்க வைத்திருந்த பாட்டிலில் பாதியை ஊற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

தண்ணீர் அடியில் விழுந்த சத்தம் வரவில்லை.

மடக்... மடக்... என்றது.

கூடவே ஒரு வாசனை. காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழுந்தால் வருமே, அது. வானத்தைப் பார்த்தார். நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. 'தூக்கம் இல்லாத காது என்னத்தைத்தான் கேட்காது' என்று தன்னையே திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த வாரம் பாதி ஆழத்திலேயே கூவியது. கீக்... கீக்... அவ்வளவுதான். நின்றுவிட்டது. தண்ணீர் என்றால் விடாமல் கூவியிருக்க வேண்டும். இது, யாரோ விரலை நனைத்து நுனியைத் தட்டிப் பார்த்த மாதிரி... மேலே இழுத்தார். நுனி நனையவில்லை. அதே புழுதி. நுனி நனையாமல் வருகிற அளவு அளவே இல்லை, அதைத் தள்ளிவிட வேண்டும். இது அந்த வேலையில் முதல்நாள் சொல்லித்தருகிற பாடம். அவரும் வறண்டது என்றுதான் எழுதினார். எழுந்து போகப்போனவருக்கு என்ன தோன்றியதோ, பாட்டிலில் இருந்த மிச்சத்தையும் குழாய்க்குள் கவிழ்த்துவிட்டார்.

மடக்... மடக்... இந்தத் தடவை கிட்டத்தில் கேட்டது.

அதற்கடுத்த வாரம் மூடியைத் திறந்து, நாடா ஒரு முழம்கூட இறங்கியிருக்காது.

கீக்... கீக்.

நுனி காய்ந்திருந்தது. வாசனை முகத்தில் அடித்தது. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தார், பாவம். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மனைவியின் எண். ஆனால் பேசியது குட்டி.

"அப்பா, தூக்கமே வரல. எப்பப்பா நம்ம வீட்டுக்கு வரலாம்?"

அந்தக் குரலைக் கேட்டதும், பிள்ளையை எப்படியாவது பக்கத்தில் படுக்கவைத்துவிட வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

"சீக்கிரமே வரலாம்டா தங்கம்."

காலையில் இன்ஜினியரிடம் போய் நின்றார்.

"மேட்டுக் குழாயில நல்லா ஏறியிருக்கு சார்."

"இந்தக் கோடையிலயா? நுனி நனைஞ்சிருந்துதா, பாத்தீங்களா?"

அளவுக்காரர் தரையைப் பார்த்தார். "நனைஞ்சிருந்துது சார்."

அவர் வேலையில் சொன்ன முதல் பொய் அது. இன்ஜினியருக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் குடத்தோடு ஜனம் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்திருந்தது, அவர் மட்டும் என்ன செய்வார்? அந்தக் குழாய்க்குள்ளேயே மோட்டாரை இறக்கினார்கள். ஊருக்கு இணைப்பும் கொடுத்தார்கள்.

தண்ணீர் வந்தது. சும்மா இல்லை... கண்ணாடி மாதிரி, ஜில்லென்று, குபுகுபுவென்று. தெருவே குடமும் வாளியுமாக ஆட்டம் போட்டது. மனைவியும் குட்டியும் அன்று சாயங்காலமே பெட்டியோடு வந்து இறங்கினார்கள். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே விடவேயில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, எப்போதும்போல் அளக்கப் போனார்.

மேட்டுக் காட்டில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் நாடாவை விட்டார். போயிற்று... போயிற்று... போய்க்கொண்டே இருந்தது... அடியில் துவண்டது. ஒரு சத்தமும் இல்லை. இழுத்துப் பார்த்தார். புழுதி. மறுபடி விட்டார். மறுபடியும் புழுதி. குழாய்க்குள் மூக்கை வைத்தார், வாசனையும் இல்லை. உள்ளே இருந்தது... இப்போது உள்ளே இல்லை.

ஊருக்குப் போகிற குழாயின்மேல் கையை வைத்தார். ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் இந்த மோட்டார் இவ்வளவு நேரமாக எதை இறைக்கிறது?

பூட்டைக்கூடப் போடவில்லை. நாடாவைக் கையில் பிடித்தபடியே வண்டியை விரட்டினார். வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி வாசலிலேயே நின்றாள்.

"நீங்க போனதுலேருந்து தண்ணி தண்ணின்னு ஒரே பாடு. ரெண்டு குடம் காலிங்க. இவ்ளோண்டு வயித்துல எங்கதான் போவுதோ..."

உள்ளே குட்டி தரையில் உட்கார்ந்து சொம்பைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். மடக்... மடக்... அறை முழுக்க முதல் தூறல் வாசனை.

அப்பாவைப் பார்த்ததும் சொம்பை இறக்கினாள். அவர் கையிலிருந்த நாடாவைப் பார்த்துச் சிரித்தாள். விளையாட்டு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது... நாக்கை நீட்டினாள்.

நுனியில் இருந்த புழுதியை அவர் துடைத்தார். முதலில் தன் விரலை நாக்கில் தொட்டு நுனியைத் தட்டிப் பார்த்தார். கீக்... கீக். நன்றாக இருக்கிறது.

அப்புறம் குனிந்து, பிள்ளையின் நாக்கில் வைத்தார்.

சத்தம் இல்லை.

அழுத்தி வைத்தார்... இல்லை.

நுனியை எடுத்து விளக்கில் காட்டினார். நனையவில்லை. செம்மண் புழுதி ஒட்டியிருந்தது.

"அப்பா," என்றாள் குட்டி. "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா."