தொங்கு பன்

— இப்படிக் கிட்ட வாங்க மாமா, இன்னும் கிட்ட. அந்த எஸ்.டி.டி. பூத்துக்காரன் காதுல விழுந்துறப் போகுது. ஒரு கதை சொல்றேன், நல்லாக் கேட்டுக்கங்க. உள்ள போயி அந்தக் கதையைத்தான் நாம சொல்லணும்.

— அடுப்பு வாங்க வந்த எடத்துல என்னடி கதை, பூங்கோதை?

— நேத்து அந்த பேக்கரிக்காரர்கிட்ட உண்மையைச் சொன்னோமே, என்ன ஆச்சு? "ரொட்டி வெந்த அடுப்புல பெயிண்டை வேக வைப்பியா"ன்னு ஒரு கும்பிடு போட்டு வெளிய அனுப்பினாரா இல்லையா?

— அச்சா அச்சா, ஆமா. அன்னத்துக்கு மரியாதை தெரியாதவனேன்னு வேற சொன்னாரு.

— இந்த கோல் மார்க்கெட் மாமியும் அதையே சொன்னா எங்க போறது? திங்கக்கிழமைக்குள்ள நமக்குன்னு ஒரு அடுப்பு நிக்கலைன்னா, பள்ளிக்கூட நாற்காலி ஆர்டரு முழுசும் சொந்த அடுப்பு வெச்சிருக்கிற அந்த குப்தாஜிக்குப் போயிரும். அப்புறம் காலம் பூரா அவர் அடுப்பு எப்ப காலியாகும்னு அவர் வாசல்லயே நாம உக்காந்திருக்க வேண்டியதுதான்.

— உக்கார நாற்காலியாவது நெறைய இருக்குல்ல.

— சிரிக்காதீங்க. இந்தா பாருங்க, நாம பேக்கரி வைக்கப் போறோம். நீங்க வெல்டர் இல்ல, பன் மாஸ்டர். இரும்புங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது.

— சொல்லப்போனா, எனக்குப் பொய் சொல்ல வராதே.

— அப்ப வாயைத் திறக்காதீங்க. மணி அடிக்கிறேன். மாமி! மாமி!

— வாங்கோ, வாங்கோ. போன்ல பேசினது நீங்கதானே? நான்தான் ருக்கு. செருப்பை அங்கேயே விட்டுடுங்கோ, மாவு சிந்திக் கிடக்கு. அடுப்பு ரெண்டும் பின்கட்டுல இருக்கு. புதுசாப் பெரிசு ஒண்ணு வாங்கிட்டேன், கேட்டேளா, வெக்க எடம் போறலை. அதான் இது ரெண்டையும் தள்ளிவிடறேன். நீங்க என்ன தொழில்?

— நான் பூங்கோதை, மாமி. இவரு எங்க வீட்டுக்காரரு மூக்கன், பன் மாஸ்டர். பேக்கரி வைக்கப் போறோம்.

— பேக்கரியா! எங்கே?

— கோட்லாவுல மாமி, கிட்வாய் நகரை ஒட்டி.

— கிட்வாய் நகரா... ரொம்பத் தூரமில்லையே. சரி, பாருங்கோ. இந்தக் கண்ணாடிக் கதவு வெச்சதைப் பாருங்கோ. உள்ளே விசிறி, மேலே லைட்டு, வெந்தா மணி அடிக்கும். கண்ணை மூடிண்டு இதை எடுத்துண்டு போங்கோ. பக்கத்துல நிக்கற கறுப்பு டப்பாவைத் திரும்பிக்கூடப் பாக்க வேண்டாம்.

— அடேயப்பா, என்னா பளபளப்பு! பூங்கோதை, இதான்! டெம்போக்கார பையாவைக் கூப்பிடவா?

— பொறுங்க. மாமி, ரெண்டும் கரண்டுதானே? நெருப்பு எரியிற அடுப்பு எங்களுக்கு ஆகாது.

— ரெண்டும் கரண்டுதான். மூணு பேஸ் லைன் வேணும்.

— அது இருக்கு, மாமி. வெல்டிங்குக்குப் போட்டது...

— மாமா!

— ...பக்கத்துக் கடை வெல்டிங்கு மாமி. அவன்கிட்ட இருக்கு, நாங்களும் வாங்கிக்குவோம். இந்தத் தட்டையெல்லாம் கழட்டிட்டா உள்ள ஒரு நாற்காலி போகும்ல?

— பன் சுடற அடுப்புல நாற்காலி எதுக்கு?

— அது... சொல்லப்போனா... பன்னு வேகுறவரைக்கும் உக்காந்து பாத்துக்க.

— உள்ளேயா?

— வெளிய, மாமி, வெளிய! அவரு வெளிய போட்டுத்தான் உக்காருவாரு.

— மேல ஒரு கம்பியைக் குறுக்க விட்டுக் கொக்கி மாட்டிக்கலாமா, மாமி?

— கொக்கியா? பன்னைத் தொங்கவிடப் போறேளா என்ன?

— ஆமா மாமி. தொங்கு பன்.

— என்னது?

— தொங்கு பன்! மதுரைப் பக்கம் உசுரையே விடுவாங்க. தட்டுல வெச்சா அடி கருகும். தொங்கவிட்டா எல்லாப் பக்கமும் ஒரே நெறம்.

— மாமா, போதும்.

— அச்சா அச்சா. சின்னப் புள்ளைகள்லாம் கொக்கியிலேர்ந்து நேராப் பறிச்சுத் தின்னும், மாமி. மாங்கா பறிக்கிற மாதிரி.

— இத்தனை காலமா பன் போடறேன், இப்படி ஒண்ணு காதால கேட்டதில்லையே!

— மாமி, அவரு கெடக்காரு. இருநூறு டிகிரி ஏறி அப்படியே அரைமணி அசையாம நிக்குமா?

— அரைமணியா? பன் கரிக்கட்டையாயிடுமேடிம்மா.

— மேல் தோலை உரிச்சுட்டுத் திங்கணும், மாமி. உள்ள பஞ்சு.

— ஐயோ, இந்த மனுசன்! மாமி, தப்பா நெனைக்காதீங்க, ரெண்டு அடுப்பையும் ஒருக்கா சூடு பண்ணிப் பாத்துரலாமா? பையில அப்பளம் கொண்டாந்திருக்கேன்.

— அப்பளமா? எதுக்கு?

— மூலைக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு வைக்கணும். அஞ்சும் ஒரே மாதிரி சுட்டு வந்துச்சுன்னா, உள்ள சூடு சமமா இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு பச்சையா நின்னா அந்தப் பக்கத்துல சூடேத்துற காயில் கம்பி செத்துப்போச்சு.

— தொழில் தெரிஞ்சவாதான் போலிருக்கு. சரி, பளபளப்புல வைடிம்மா.

— ரெண்டுலயும் வைக்கிறேன், மாமி.

— கறுப்புல எதுக்கு? அதுக்கு வயசாயிடுத்து, முனகும்.

— முனகட்டுமே, மாமி.

— ம். சூடாகறதுக்குள்ளே என் வெண்ணெய் பன் ஒண்ணு சாப்பிடுங்கோ. மாஸ்டர், நீங்கதான் சொல்லணும். இதுல என்ன போட்டிருக்கேன்?

— ஆகா, ஆகா! வெண்ணெய், மாமி.

— அது பேர்லயே இருக்கே. உங்க பன்னுக்கு மாவு எத்தனை நாழி ஊறணும்?

— தொங்குற அளவுக்கு ஊறணும், மாமி.

— மாமா, பன்னை முழுங்கிட்டு இங்க வந்து கண்ணாடி வழியாப் பாருங்க.

— அடடே, அப்பளம் பறக்குதுடி! விசிறி ஊதுற ஊதுல மூணு போயி ஒரே மூலையில ஒட்டிக்கிட்டுக் கருகுது. கதவோரம் இருக்குற ரெண்டும் அப்படியே பச்சை.

— அப்பளமே பறந்தா நம்ம பவுடர் எப்படி நிக்கும்? உருகி ஒட்டுறதுக்குள்ள ஊதித் தள்ளிரும்.

— என்ன பவுடர், பூங்கோதை? எனக்குக் காது நன்னாவே கேக்கும்.

— சீனி, மாமி! சீனிப் பவுடர். பன்னு மேல தூவுறது.

— கலர் கலரா, மாமி. நீலம், பச்சை, சாம்பல்.

— சாம்பல் கலர்ல சீனியா?

— கவர்மெண்டு ஆபீசுன்னா சாம்பல்தான் மாமி கேப்பாங்க.

— ஈஸ்வரா, ஆபீசுக்கெல்லாம் வேறயா!

— மாமா, பேசாம கறுப்பைத் திறங்க.

— அம்மாடி! பூங்கோதை, இங்க வா. அஞ்சும் ஒரே நெறம், வெச்ச எடத்துலயே இருக்கு! கதவு ரப்பரும் கெட்டியா இருக்கு, எந்தச் சந்துலயும் அனல் அடிக்கலை.

— உள்ளதான் நெய்ப் பிசுக்கு. சோடா போட்டு ரெண்டு தடவை தேச்சாப் போயிரும். மாமி, எங்களுக்கு இந்தக் கறுப்புதான்.

— அது... அதைக் குடுக்கறதுக்கில்லை.

— ரெண்டும் விக்கிறதுன்னுதானே போன்ல சொன்னீங்க?

— சொன்னேன். இப்போ மனசு வரலை. பளபளப்பை எடுத்துக்கோங்கோ, நானே வந்து டெம்போவுல ஏத்திவிடறேன்.

— மாமி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். அதுல எங்க வேலை நடக்காது. திங்கக்கிழமை ஆர்டரு. அது கையை விட்டுப் போச்சுன்னா மறுபடியும் அடுத்தவங்க அடுப்பு வாசல்லதான் நாங்க நிக்கணும். சொந்தமா ஒண்ணு வேணும்னு எம்புட்டு நாளு அலையிறோம், தெரியுமா?

— கடையே தொறக்கலை, அதுக்குள்ளே ஆர்டரா?

— பள்ளிக்கூடத்து ஆர்டரு, மாமி! ஒவ்வொரு வகுப்புக்கும்.

— பள்ளிக்கூடமும் போச்சா! சரி, போறது. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டேளா. கறுப்பைத் தரேன். ஆனா ஒரு நிபந்தனை. தீபாவளி சமயத்துல எனக்கு எத்தனை அடுப்பு இருந்தாலும் போறாது. அப்போ என் பிஸ்கட் தட்டுகளை உங்க கடைக்கு அனுப்புவேன். இந்தக் கறுப்புல வெச்சு சுட்டுத் தரணும். சேந்தே பொழைச்சுட்டுப் போவோம்.

— பக்கா, மாமி! எத்தனை தட்டு வேணும்னாலும்... ஏண்டி கிள்ளுற?

— முடியாது, மாமி.

— அடியே, அடுப்பு கைக்கு வந்திருச்சு, இப்பப் போயி...

— சும்மா இருங்க. யாரு பெத்த புள்ளையோ திங்கப்போற பிஸ்கட்டு. மாமி, நாங்க சொன்னது பூராப் பொய். பேக்கரியும் இல்ல, பன்னும் இல்ல. இவரு வெல்டரு. நாங்க இரும்புக்குப் பவுடர் கோட்டிங் போடுறவங்க. நாற்காலி, ஜன்னல் கம்பி, அந்த மாதிரி. பெயிண்டுப் பவுடரை இரும்பு மேல அடிச்சு அடுப்புல விட்டா, அது உருகி இறுகிப் பிடிச்சுக்கும். அந்தப் புகை ஒருக்கா ஏறின அடுப்புல அப்புறம் திங்கிற பொருள் எதையும் வைக்கவே கூடாது, உடம்புக்கு ஆகாது. உங்க தட்டு அதுல ஏறக்கூடாது, மாமி.

— தொங்கு பன்?

— நாற்காலி, மாமி. நாற்காலிதான் தொங்கும்.

— சாம்பல் சீனி?

— பெயிண்டு, மாமி.

— என் ஆத்துக்குள்ளே வந்து, என் பன்னைத் தின்னுண்டே, இத்தனை பொய்யா!

— தப்புதான், மாமி. சாப்பாடு வெந்த அடுப்பை இதுக்குத் தர மாட்டீங்கன்னு பயந்துட்டோம். நாங்க கெளம்புறோம். மாமா, செருப்பைப் போடுங்க.

— நில்லு. என் கண்ணைப் பாத்துச் சொல்லு. நெஜமாவே பன் போட மாட்டேளா?

— போட மாட்டோம், மாமி.

— ஒரு பிஸ்கட்கூட?

— எனக்கு அந்த மாவு பெசையவே வராது, மாமி.

— மாஸ்டர், நீங்க?

— சொல்லப்போனா மாமி, இன்னைக்குத்தான் பன்னை இம்புட்டுக் கிட்டத்துல வெச்சுப் பாத்தேன்.

— கோட்லாவுல, கிட்வாய் நகர்ல, ஆபீஸ்ல, பள்ளிக்கூடத்துல, எங்கேயும்? தீபாவளிக்குக்கூட?

— சாமி சத்தியமா இல்ல, மாமி.

— அடி அசடே, இதை வாசல்லயே சொல்லியிருக்கப்படாதா! கிட்டத்துலயே ஒரு பேக்கரி, அதுலயும் தொங்கு பன் வந்துடுத்துன்னா என் வெண்ணெய் பன்னை எவன் சீண்டுவான்னு வயித்துல நெருப்பைக் கட்டிண்டுன்னா அந்தப் பளபள நொண்டி அடுப்பை உங்க தலையில கட்டப் பாத்தேன்! கூப்பிடு அந்த டெம்போக்காரனை, கறுப்பு உனக்குத்தான். புருஷன் பொண்டாட்டி குழந்தை குட்டின்னு அமோகமா இருங்கோ, உங்க ஆத்துல உலை எப்பவும் கொதிக்கட்டும், உங்க கடையில இரும்பு எப்பவும் காயட்டும், மாவு மட்டும் ஏழேழு தலைமுறைக்கும் உங்க கையில ஒட்டவே வேண்டாம்!