பதினாலு தடவை அலசியும்

...இல்லம்மா, நீங்களே தொட்டுப் பாருங்க. சும்மா தொடுங்க, கடிக்காது. கேக்குதா? சரசரனு? மனுஷத் தலையில இப்படிச் சத்தம் வரலாமா? நான் தலையணையில திரும்பிப் படுத்தா என் வீட்டுக்காரர் எந்திரிச்சு உக்காந்துக்குறார். யாரோ காகிதத்தைக் கசக்குற மாதிரி இருக்காம். ஒன்பது நாள் ஆச்சு, இதே பார்லர்ல சாயம் வச்சு. ஒன்பதே நாள். இந்தச் சீப்புல முப்பத்தொரு பல்லு இருந்துச்சு. இப்ப எண்ணிப் பாருங்க... எண்ண வேண்டாம், நானே சொல்றேன், இருபத்தெட்டு. மீதி மூணும் என் தலைக்குள்ளதான் எங்கேயோ இருக்கு.

நிறத்தையும் பாருங்க. வச்ச அன்னைக்கு நல்ல காப்பிக்கொட்டை நிறம். நானே சொல்றேன், அழகாத்தான் இருந்துச்சு. இப்ப? துருப்பிடிச்ச ஆணி!

உங்க தலையில இப்ப அப்பியிருக்கே, அதுவும் அந்தப் பொம்பள போட்டதுதானே? கறுப்புக் கையுறை மாட்டிக்கிட்டு இருக்காங்களே, அவங்க? அய்யய்யோ. இல்ல, பயப்படாதீங்க. பயமுறுத்தணும்னு சொல்லல. நான் அதிகம் பேசுற ஆளே கிடையாது. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பக்கத்து வீட்டுல பதினொரு வருஷமா இருக்காங்க, அவங்ககிட்ட இதுவரைக்கும் மொத்தமா பேசினதே ஒரு நாப்பது வார்த்தை இருக்கும். ஆனா உங்களுக்கு இன்னும் இருபத்தாறு நிமிஷம் இருக்கு, அந்தக் கடிகாரம் காட்டுது. தலையில பிளாஸ்டிக் உறையோட நீங்க வெளியவும் போக முடியாது. அதான், கொஞ்சம் மனசு விட்டுச் சொல்லலாம்னு.

பதினொரு மணிக்கு ஓனரம்மா வருவாங்க. வந்ததும் புகார் சொல்லப் போறேன். நேரா முகத்துக்கு நேரா. வீட்டுல நாலு தடவை சொல்லிப் பழகிட்டு வந்திருக்கேன். அப்ப என் வீட்டுக்காரர்தான் ஓனரம்மா. துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, "என்னம்மா வேணும்?"னு கேட்டார். மூணு தடவை எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நாலாவது தடவைதான் ஒழுங்கா வந்துச்சு.

வாசல்ல கம்ப்யூட்டர் முன்னாடி ஒரு பொண்ணு உக்காந்திருக்குல்ல, அது சொல்லுச்சு. அந்தக் கையுறைக்காரம்மா புதுசாம். முன்னாடி ஏதோ ஃபேக்டரியில டப்பாவுக்கு மூடி போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. ஃபேக்டரியை மூடிட்டாங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இந்தத் தொழிலைக் கத்துக்கிட்டு வந்திருக்காங்க. மூணு மாசம் வேலையைப் பாத்துட்டுத்தான் வச்சுக்கிறதா வேண்டாமானு சொல்லுவாங்களாம். அந்த மூணு மாசம் இன்னைக்கோட முடியுது. ஏற்கனவே ரெண்டு புகார் வந்தாச்சு. மூணாவது வந்தா சீட்டு கிழிஞ்சிடும். மூணாவது நான்தான்.

பாவமா? பாவம்தான். எனக்கு மட்டும் என்ன ஆசையா? ஆனா தப்புன்னா தப்புதானேம்மா. நாளைக்கு இன்னொருத்தி தலை போகக் கூடாதுல்ல. இப்ப உங்க தலையையே எடுத்துக்கோங்க... சரி, உங்க தலையை விடுங்க.

நான் சாயம் வச்சதே என் அக்காவால. அக்கா என்னைவிட நாலு வயசு மூத்தவ. அறுபத்தெட்டு. அவளும் நானும் பல் டாக்டர்கிட்ட போனோம். அங்க சீட்டு எழுதுற பையன் என்னைப் பாத்து, "உங்க தங்கச்சிக்கு முதல்ல பாத்துடலாமா?"ங்குறான். தங்கச்சியாம்! அக்கா என்ன பண்ணா? "இல்லப்பா, நான்தான் மூத்தவ"னு சொல்ல வேண்டாமா? அப்படியே உள்ள போயிட்டா. பல்லைக் காட்டத்தானே போறா, போகும்போதே எல்லாப் பல்லையும் காட்டிக்கிட்டே போறா. மறுநாளே நான் இங்க வந்துட்டேன். அறுபத்துநாலு வயசுல முதல் சாயம்.

இன்னைக்குக் காலையில நடந்ததைக் கேளுங்க. பத்து மணிக்கு வந்து அந்தப் பொம்பளகிட்ட தலையைக் காட்டினேன். என்ன பண்ணாங்க தெரியுமா? ஒரு கொத்து முடியை எடுத்து மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்தாங்க! நான் என்ன கெட்டுப்போன குழம்பா? மோந்து பாத்துட்டு என் முகத்தைப் பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல. கையுறையைக் கழட்டி வச்சாங்க. "மன்னிச்சுக்கோங்கக்கா, என் தப்புதான்"னாங்க. அவ்வளவுதான். தானே ஒத்துக்கிட்டாச்சு, அப்புறம் எனக்கென்ன பேச்சு?

ஏன்னா என் பக்கம் ஒரு குறை கிடையாது. பராமரிப்புனா அப்படி ஒரு பராமரிப்பு. நீங்க என்னைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. துணிக்குச் சாயம் ஏத்துற கடையில முப்பத்தெட்டு வருஷம் வேலை பாத்தவ நான். வெளுத்த சட்டை, வெளுத்த புடவை, ஜன்னல் திரை... எது வந்தாலும் புதுசாக்கி அனுப்புவோம். ஏழாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆனா சாயத்தைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

சாயம் ஏத்தின அன்னைக்கே என்ன பண்ணணும்? உப்புத் தண்ணியில ஊற வைக்கணும். அப்பதான் சாயம் பிடிக்கும். அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுல அகலமான வாளியில ரெண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டேன். அரை டம்ளர் வினிகர். குனிஞ்சு தலையை உள்ள விட்டேன். இருபது நிமிஷம். என் வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு நேரம் சொன்னார். நடுவுல ரெண்டு தடவை, "உயிரோட இருக்கியா?"னு கேட்டார்.

ஏன் கண்ணை அப்படி விரிக்கிறீங்க? உப்புதானே, விஷமா வச்சேன்?

அப்புறம் அலசணும். தண்ணி தெளியுற வரைக்கும். அதுதான் எங்க கடையில சட்டம். தெளியாத துணியை வெளிய விடக் கூடாது, பக்கத்துல இருக்குற துணியெல்லாம் கறையாயிடும். முதல் அலசல் எப்பவும் சூடான தண்ணி. அலசினேன். பழுப்பா வந்துச்சு. ரெண்டாவது, பழுப்பு. அஞ்சாவது, பழுப்பு. கழுத்து விட்டுப்போச்சு. பதினாலு தடவை அலசியும் தெளியலம்மா! பதினாலு! அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, சாயம் போட்ட கைதான் சரியில்லன்னு. நல்ல சாயம்னா மூணு அலசல்ல தெளிஞ்சிடும். மறுநாளும் அலசினேன். அதுக்கு மறுநாளும். ஆறு நாள். நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன், மொத்தம் அறுபத்தொரு அலசல். ஏழாவது நாள்தான் தெளிஞ்சுச்சு. ஆமா... தெளிஞ்சப்ப தலையிலயும் சாயம் பெருசா இல்ல, அது வேற விஷயம்.

காய வைக்கிறதுல ரொம்ப கவனம். சாயத் துணியை வெயில்ல போடக் கூடாது, நிழல்லதான் போடணும். நானும் நிழல்லதான் உக்காந்தேன். காஞ்சதும் ஒரே சுருக்கம். சுருக்கம்னா என்ன பண்ணுவோம்? இஸ்திரி.

சிரிக்காதீங்கம்மா. உறை நழுவுது பாருங்க, பிடிச்சுக்கோங்க.

நேரடியா வைக்கல. எனக்குத் தெரியாதா? மேல ஈரத்துணி போட்டுத்தான். மேஜையில தலையைச் சாய்ச்சுக்கிட்டேன். என் வீட்டுக்காரர் தேய்ச்சார். மெதுவாத்தான் தேய்ச்சார். அவர் சட்டைக் காலரைக்கூட அவ்வளவு பொறுமையாத் தேய்ச்சதில்ல. ஒரு பக்கம் தேய்ச்சுட்டு, "திருப்பிப் போடு"ன்னார். திருப்பிப் போட்டேன். ஆவி வந்துச்சு. ஒரு மாதிரி வாசனையும் வந்துச்சு. "எதுக்கும் போதும்"னு பெட்டியை ஓரமா வச்சுட்டார். இவ்வளவு பாத்துப் பாத்து வச்சுக்கிட்டும் தலை தேங்காய் நாராப் போச்சுன்னா யார் மேல தப்பு? நீங்களே சொல்லுங்க.

...என்னது? அவங்க ஏதாவது சொல்லி அனுப்பினாங்களானா கேக்குறீங்க? சொன்னாங்க. சொல்லாம என்ன. நிறைய சொன்னாங்க. மூணு நாளைக்குத் தலையில தண்ணி ஊத்தாதீங்கனாங்க. சூடான தண்ணி வேண்டவே வேண்டாம்னாங்க. அப்புறம் சாயம் வச்ச தலைக்குனு தனி ஷாம்பூ, வாரத்துக்கு ரெண்டே தடவை. கழுவினதும் நுனிக்கு மட்டும் கண்டிஷனர். சூடு காட்டக் கூடாது. துண்டால தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். பாத்தீங்களா, எல்லாம் ஞாபகம் இருக்கு. தலையாட்டிக் கேட்டுக்கிட்டேன். எதிர்த்துப் பேசுறது எனக்குப் பழக்கமில்ல.

செஞ்சேனானா... அது எப்படிம்மா செய்ய முடியும்? நேத்து வரைக்கும் டப்பாவுக்கு மூடி போட்டவங்க சொல்றாங்க. முப்பத்தெட்டு வருஷம் சாயத்துல கையை வச்சிருந்தவ கேக்கணுமா? மூணு நாள் அலசாம விடுறதாம். எங்க கடையில அப்படி விட்டிருந்தா...

ஆமா, துணி வேற, முடி வேற. தெரியும். துணி வளராது. அது தெரியும்.

உங்க மூஞ்சியே சொல்லுதும்மா. இந்த மூஞ்சியை நான் பாத்திருக்கேன். எங்க கடையில கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு நானே எத்தனையோ பேர்கிட்ட இந்த மூஞ்சியை வச்சிருக்கேன். ஒருத்தர் நீலச் சட்டை ஒண்ணைக் கொண்டுவந்தார். நான் சாயம் ஏத்தின சட்டை. திட்டுத் திட்டா வெள்ளை. "வெறும் தண்ணியிலதான் அலசினேன், உங்க சாயம் சரியில்ல"ன்னு கத்துறார். வெறும் தண்ணியாம்! நான் சட்டையை எடுத்து மூக்குகிட்ட வச்சேன். பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் தூக்குது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா முதலாளி பக்கத்துலயே நிக்குறார். வந்தவரைப் பாத்து நீங்க பொய் சொல்றீங்கனு சொல்ல முடியுமா? அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவர் முகத்தைப் பாத்தேன். "மன்னிச்சுக்கோங்க, என் தப்பு..."

...

மோந்து பாத்தாங்க.

காலையில. என் முடியை எடுத்து... மோந்து பாத்தாங்க. உப்புக்கு வாசனை இல்ல. வினிகர் அலசல்ல போயிருக்கும். ஆனா இஸ்திரியில முடி கருகின வாசனை... அது போகாதும்மா. தெரிஞ்சிருக்கும். எல்லாம் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் கையுறையைக் கழட்டி வச்சுட்டு...

தண்ணி இருக்கா, கொஞ்சம்? அந்த பாட்டில் உங்களுதா? குடுங்க.

மணி என்ன? பத்து அம்பத்தெட்டா. ரெண்டு நிமிஷம் இருக்கு. நான் பேசாம எந்திரிச்சுப் போயிடவா? போயிட்டா புகார் இல்ல. ஆனா வாசல்ல இருக்குற பொண்ணுகிட்ட வரும்போதே சொல்லிட்டேனே, புகார் சொல்லத்தான் வந்திருக்கேன்னு. அது கம்ப்யூட்டர்ல தட்டிடுச்சு. நான் கண்ணால பாத்தேன், ரெண்டு விரலால தட்டுச்சு. இப்ப போனா அது அப்படியே நிக்கும். சொல்லணும். வேற மாதிரி சொல்லணும். இதுக்கு நான் பழகவே இல்லையேம்மா! என் வீட்டுக்காரரும் இல்ல, துண்டும் இல்ல...

வந்துட்டாங்க. பச்சைக் கைப்பை, அவங்கதானே? நீங்க இப்படியே என்னைப் பாத்துக்கிட்டு இருங்க. நான் நிறுத்தினா கையைக் கிள்ளுங்க.

வாங்கம்மா. நான்தான்... ஆமா, புகார்தான். இல்ல, புகார் இல்ல. அது என் மேலதான். இந்தத் தலைக்கு உப்பு போட்டேன். ரெண்டு கைப்பிடி. வினிகர் அரை டம்ளர். சூடான தண்ணி. அறுபத்தொரு அலசல்... ஆமா, அறுபத்தொண்ணு, நோட்டு வீட்டுல இருக்கு, வேணும்னா கொண்டுவர்றேன். இஸ்திரி ஒரு தடவை, ரெண்டு பக்கமும். உங்க ஆள் எல்லாத்தையும் வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க. நான்தான் கேக்கல. காலையில அவங்க தன் தப்புனு சொன்னது எனக்காகச் சொன்னது. அதை எடுத்துக்காதீங்க. ...எழுதியா குடுக்கணும்? புகார் நோட்டுலயா? எழுதுறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பரவாயில்லையா? குடுங்க.

உள்ள போயிட்டாங்களா? அப்பாடா. கை சிவந்துபோச்சு பாருங்க. நீங்க நல்லாத்தான் கிள்ளினீங்க, மூணு தடவை.

எழுதிட்டேன். படிக்கிறேன், சரியானு சொல்லுங்க. "சாயம் நன்றாக வைக்கப்பட்டது. கெடுத்தது நான். வைத்தவர் மேல் ஒரு குறையும் இல்லை." தேதி. மணி பதினொண்ணு ஒன்பது. கையெழுத்து. அந்தக் கையுறைக்காரம்மா அங்க கழுவுற தொட்டிக்கிட்ட நிக்குறாங்க பாருங்க. துண்டை மடிக்கிறாங்க, பிரிக்கிறாங்க, மறுபடி மடிக்கிறாங்க. பாவம், அந்தத் துண்டு.

கொஞ்சம் தள்ளுங்கம்மா, கண்ணாடியைப் பாத்து மூஞ்சியைத் துடைச்சுக்குறேன்...

இது என்ன?

இங்க. காதுக்குப் பின்னாடி. வெள்ளையா... ஒரு விரல் அகலம் இருக்குமா? இது அலசிப் போனது இல்லம்மா. அலசிப் போனா ஓரம் மங்கலா இருக்கும். இது வெட்டின மாதிரி இருக்கு. இங்க சாயமே படல. எங்க கடையில விட்ட இடம்னு சொல்லுவோம். முப்பத்தெட்டு வருஷத்துல எத்தனை விட்ட இடம் பாத்திருக்கேன், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இது அவங்க விட்டதுதான். நிஜமான குறை. ஒன்பது நாளா தலையிலயே வச்சுக்கிட்டு நான் பாக்கவே இல்ல.

"ஒரு குறையும் இல்லை"னு வேற எழுதிட்டேன். கணக்குப்படி ஒண்ணு இருக்கு.

பேனா இன்னும் என் கையிலதான் இருக்கு...

இந்தாங்க, பேனாவை நீங்க பிடிங்க. முடியை இப்படி முன்னாடி இழுத்து விட்டா... தெரியுதா? கிட்ட வந்து பாருங்க. தெரியலல்ல? தலை கழுவ உங்களைக் கூப்பிடுறாங்க, போங்கம்மா. யார் கேட்டாலும் நீங்க எதையும் பாக்கல.